ரக்பிக்கு முன்னால் என்ன ஆடினாய்?

தமிழ்நாட்டில் ரக்பி ஆட வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ரக்பி பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. வீட்டில் அந்த முட்டை வடிவப் பந்து கிடையாது, தெருவில் ஆடக் கூட்டாளி கிடையாது. பன்னிரண்டு வயதிலோ பத்தொன்பது வயதிலோ, ஒரு பி.டி. மாஸ்டரோ சீனியர் அக்காவோ கூட்டிவந்து விட்டதால் மைதானத்துக்கு வந்தவர்கள். நானும் அப்படி வந்தவள்தான். அதனால் முதல் நாள் வந்து நிற்கும் பெண்ணிடம் பெயரைக் கேட்ட கையோடு, "இதுக்கு முன்னாடி என்ன விளையாடினே?" என்று கேட்டுவிடுவேன்.

பதில் தயங்கித்தான் வரும். "ரக்பி ஒண்ணும் தெரியாது மேடம், ஊர்ல கபடி ஆடியிருக்கேன்" என்பாள். ஏதோ குறையைச் சொல்கிற குரலில் சொல்வாள். எனக்கோ அந்த நிமிடமே பாதி வேலை முடிந்த நிம்மதி வந்துவிடும். வேறு ஆட்டத்திலிருந்து வருகிறவளைப் புதியவள் என்று எண்ணி அ, ஆ-விலிருந்து தொடங்குவது அவளுக்கும் நஷ்டம், அணிக்கும் நஷ்டம். பழைய ஆட்டம் அவள் உடம்புக்கு என்ன கற்றுத் தந்திருக்கிறது, எந்த இடத்தில் அது அவளைத் தவறாக இழுக்கும் என்று பார்க்கத் தெரிந்தால் போதும், பயிற்சித் திட்டம் தானாக வந்துவிடும். கோச்சாக நான் செய்துவருவது ஏறக்குறைய இந்த ஒரு வேலைதான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி, மணல் கலந்து போட்ட கபடிக் களம் இருந்தது. பையன்கள் ஆடி முடித்த பிறகு எங்களுக்குக் கிடைக்கும். ஓட்டம் நன்றாக வருகிறது என்று பி.டி. சார் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளில் 400 மீட்டருக்குப் பெயர் கொடுத்தார். உயரத்தைப் பார்த்து விளையாட்டு விடுதியில் வாலிபாலுக்கு எடுத்துக்கொண்டார்கள். உடற்கல்வி படிக்கப் போன இடத்தில், பல்கலைக்கழக ரக்பி அணிக்கு ஆள் குறைகிறது என்று ஒரு சீனியர் அக்கா அறை அறையாக வந்து கேட்டார். ஓடத் தெரியுமா, ஆளைப் பிடிக்கத் தெரியுமா, பந்தைப் பிடிக்கத் தெரியுமா என்று மூன்றே கேள்விகள். மூன்றுக்கும் ஆமாம் சொல்ல முடிந்தது. கபடி, தடகளம், வாலிபால் என்று தனித்தனியாகக் கிடந்த மூன்று வாழ்க்கை ஒரே மைதானத்தில் சேர்ந்தது அன்றைக்குத்தான். பல வருடம் ஆடினேன், அப்புறம் விசில் எடுத்தேன், இப்போது பெண் பிள்ளைகளுக்குக் கோச்.

ரக்பியில் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்ற வேண்டும், அதற்குப் பெயர் ட்ரை. இங்கே நாங்கள் ஆடுவது செவன்ஸ். பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். ஆனால் மைதானம் மட்டும் பதினைந்து பேர் ஆடுகிற வழக்கமான ரக்பிக்கு உள்ள அதே அளவு, கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். கபடியிலும் களத்தில் ஏழு பேர்தான். பெண்கள் கபடிக் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். அதில் பாதியைத்தான் ஏழு பேர் காக்கிறார்கள். அங்கே தோளோடு தோள் உரசி நின்ற பெண்ணை இங்கே கொண்டுவந்து விட்டால், அவள் பங்குக்குப் பத்து மீட்டர் அகலம் வருகிறது. பந்து எங்கே இருக்கிறதோ அங்கே நான்கு பேர் ஓடிக் குவிவார்கள். மறுபக்கம் வெட்டவெளியாகக் கிடக்கும். கபடி தெரிந்த கோச்சுக்கு இது ஏன் நடக்கிறது என்று புரியும், திட்டத் தோன்றாது. நான் முதல் வாரங்களில் பந்தே கொடுப்பதில்லை. கோன்களைப் பத்து மீட்டர் இடைவெளியில் வைத்து, ஏழு பேரையும் ஒரே வரிசையில் முன்னால் ஏறி, பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி ஏறச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவளின் கை எட்டாது, குரல்தான் எட்டும் என்பது உடம்புக்குப் புரிய வேண்டும். கபடியில் பிடிக்கிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். கையை அழுத்திச் சைகை கொடுப்பார்கள். இங்கே பேசாத வரிசை உடைந்துபோகும். அதனால் அந்தப் பயிற்சியில் யார் வாய் மூடியிருக்கிறாளோ அவளைப் பார்த்துத்தான் நான் கத்துவேன்.

ஆனால் செயின் ஆடிப் பழகிய இரண்டு பெண்கள் ஒரே ஊரிலிருந்து வந்தால் அவர்களைப் பிரிக்கவே மாட்டேன். கைகோத்து, பாடி வருகிற ரெய்டரை வளைத்துப் பழகியவர்கள், பத்து மீட்டர் தள்ளி நின்றாலும் ஒருத்தி கால் எடுக்கும்போதே மற்றவள் எடுப்பாள். அந்த ஒத்திசைவைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு சீசன் ஆகும்.

டாக்கிள் விஷயத்துக்கு வருகிறேன், அதாவது பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்துச் சாய்ப்பது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கபடி பெண்களுக்கு டாக்கிள் தானாக வந்துவிடும் என்று நம்பி நேரடியாகப் போட்டியில் இறக்குகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தைரியம் தானாக வந்துவிடும், அது உண்மை. பாய்ந்து வருகிற ஒருத்தியின் முன்னால் கண்ணை மூடாமல் நிற்பது எளிதல்ல. கபடி அதை எட்டு வயதிலேயே கற்றுத் தந்துவிடுகிறது. இடுப்பைப் பார்த்து, அவள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்று கணிப்பதும் வந்துவிடும். மற்ற மூன்று விஷயங்களை மாற்றியே தீர வேண்டும்.

முதலில், விடுவது. கபடியில் பிடித்தால் விசில் கேட்கும் வரை விடக்கூடாது. விட்டால் ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவாள், அவள் தொட்டவர்களெல்லாம் வெளியே போக வேண்டும். உடம்பில் ஊறிய பாடம் அது. ரக்பியில் எதிராளியைத் தரையில் சாய்த்ததும் விட்டுவிட வேண்டும், எழுந்து காலூன்றிய பிறகுதான் பந்தில் கை வைக்கலாம். கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தால் எதிரணிக்குப் பெனால்டி. கபடிப் பெண்கள் முதல் மாதத்தில் தருகிற பெனால்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. "பிடி, சாய், விடு, எழு" என்ற நான்கு சொல்லையும், சுற்றி நிற்கிற எல்லோரையும் சேர்ந்து கத்த வைத்துப் பழக்குகிறேன். முழங்காலில் நின்று, அப்புறம் நின்றபடி, அப்புறம் நடந்து, கடைசியாகத்தான் ஓடி. ஓட்டத்துக்கு வரப் பல வாரங்கள் ஆனாலும் பரவாயில்லை.

அடுத்தது தலை. கணுக்காலைப் பிடிக்கப் பாயும்போது கபடியில் தலை ரெய்டரின் முழங்காலுக்கு முன்னால் போவது சகஜம். அங்கே அவள் நாலு எட்டு தூரத்திலிருந்து வருகிறாள், தப்பித்துக்கொள்ளலாம். ரக்பியில் முப்பது மீட்டர் ஓடி முழு வேகத்தில் வருகிறவளின் முழங்காலோ இடுப்பெலும்போ நெற்றியில் பட்டால் ஆள் அங்கேயே விழுந்துவிடுவாள். தோள் அவள் தொடையில் பட வேண்டும், தலை பின்பக்கமாகப் போக வேண்டும், கன்னம் அவள் பின்புறத்தில் ஒட்ட வேண்டும். இதைச் சொல்லும்போது சிரிப்பார்கள். சிரித்தாலும் மறக்க மாட்டார்கள். இன்னொன்று, கபடியில் லெஃப்ட் கார்னர், ரைட் கார்னர் என்று வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்றவர்களுக்கு ஒரு தோள்தான் வேலை செய்யும். மறுபக்கம் ஓடுகிறவளையும் அதே தோளால் பிடிக்கப் போய்த் தலையை முன்னால் கொண்டுபோவார்கள். எந்தக் கார்னரில் ஆடினாள் என்று முதல் நாளே நோட்டில் எழுதிக்கொள்வேன். பயிற்சியில் அவளுக்கு மறு தோளுக்குத்தான் அதிக முறை வரும்.

மூன்றாவது, தூக்குவது. ரெய்டரை அலாக்காகத் தூக்கி வெளியே கொண்டுபோய் வைப்பது கபடியில் கைதட்டல் வாங்கும் காட்சி. ரக்பியில் ஆளைத் தூக்கித் தலைகீழாகச் சாய்த்தால் சிவப்பு அட்டை. தூக்கிவிட்டாலும், அவளைப் பத்திரமாகத் தரையில் இறக்குவது தூக்கியவளின் பொறுப்பு. தோள்மட்டத்துக்கு மேலே பிடிப்பதும் குற்றம். மஞ்சள் அட்டை என்றாலே செவன்ஸில் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். பதினான்கு நிமிட ஆட்டத்தில் இரண்டு நிமிடம் ஆறு பேரோடு 70 மீட்டரைக் காப்பது என்றால் ஒரு ட்ரையாவது போகும்.

ரெய்டர்கள் வேறு ரகம். ஏழு பேரை ஒரே பார்வையில் அளந்து, எந்த இடைவெளி அரை நொடியில் திறக்கும் என்று பார்க்கத் தெரிந்தவர்கள். அவர்களின் சைட்-ஸ்டெப்பை நான் தொடுவதே இல்லை, அதை இன்னும் நன்றாக்குகிற தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை. ஆனால் ரெய்டர் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பிப் பழகியவள். வரிசையை உடைத்துக்கொண்டு நாற்பது மீட்டர் ஓடிவிடுவாள், பின்னால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். விழுந்ததும் பந்து எதிரணிக்குப் போய்விடும். அவளுக்கு நான் வைக்கிற விதி எளியது: உடைத்த பிறகு ஒரு முறையாவது தோளுக்குப் பின்னால் பார். பார்க்காமல் போட்ட ட்ரைக்குப் பயிற்சியில் புள்ளி கிடையாது.

வாலிபாலிலிருந்து வந்தவர்களை எனக்கு என் உடம்பைக் கொண்டே தெரியும். உயரமாக வரும் பந்தைக் கண்டால் விரல்கள் தானாக விரிந்து தட்டப் பார்க்கும். வாலிபாலில் பந்தைப் பிடித்து வைத்திருந்தால் தவறு. இங்கே கையில் பட்டு முன்னால் போனால் நாக்-ஆன் என்ற தவறு. ஸ்க்ரம், அதாவது இரு அணியும் கோத்து நின்று தள்ளும்போது பந்தை உள்ளே போடும் வாய்ப்பு, எதிரணிக்கு. முழங்கையை ஒட்டி வைத்து, பந்தை நெஞ்சுக்கு இழுத்து, பக்கவாட்டில் திரும்பித் தரையிறங்கப் பழக்க வேண்டும். அது பழகிவிட்டால் இவர்களைப் போல மதிப்புள்ள ஆள் அணியில் கிடையாது. காரணம் செவன்ஸின் ஒரு விதி: ட்ரை போட்ட அணியே மறுபடி கிக்-ஆஃப் அடிக்கும். அடித்த பந்தை அந்தரத்தில் எட்டிப் பிடிக்க ஒருத்தி இருந்தால், எதிரணி பந்தைத் தொடாமலேயே அடுத்த ட்ரையும் போடலாம். பிளாக்கராக நின்று எகிறும் நேரம் பார்த்துப் பழகிய பெண் அந்த ஒரு வேலையாலேயே போட்டியைத் திருப்பிவிடுவாள். நான் அணிக்குள் நிலைத்தது இதனால்தான்.

ஓட்டக்காரிகளை எல்லோரும் ஆசையாக எடுப்பார்கள். எனக்கு அவர்களிடம்தான் அதிகப் பொறுமை வேண்டியிருக்கிறது. அவர்கள் தடத்துக்குள் நேராக ஓடப் பிறந்தவர்கள் போல ஓடுவார்கள், எதிரே ஆள் நிற்பது கணக்கிலேயே வராது. "ரெண்டு கையிலயும் பந்து இருந்தா கை ஆட்டாம எப்படி மேடம் ஓடுறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்னால் ஆள் இருக்கும் வரை இரண்டு கையில் வை, எந்தப் பக்கம் பாஸ் போகும் என்று அவளைக் குழப்பு. தாண்டிய பிறகு வெளிப்பக்கக் கக்கத்தில் சொருகிக்கொண்டு உன் ஓட்டத்தை ஓடு. நூறு மீட்டர்க்காரியைவிட 400 மீட்டர்க்காரி செவன்ஸுக்குச் சீக்கிரம் பொருந்துவாள் என்பது என் அனுபவம். கால் கனக்கும்போது நடையைக் கலையாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். ஆனால் இருவருக்குமே நிற்கத் தெரியாது. தடகளத்தில் கோட்டைத் தாண்டிய பிறகு மெதுவாக வேகம் குறைக்கலாம். இங்கே இரண்டே எட்டில் நின்று திரும்ப வேண்டும். முழங்கால் தசைநார் கிழிவது அங்கேதான், அதுவும் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். அதனால் ஓட்டக்காரிகளுக்கு நான் முதலில் கற்றுத் தருவது ஓட்டமே அல்ல. குதித்து இரண்டு காலில் இறங்கி, முழங்கால் உள்பக்கம் மடங்காமல் அப்படியே நிற்பது. அலுப்பாக இருக்கும், இருக்கட்டும்.

கோ-கோ பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு தட்டலில் எழுந்து பாய்வதையே வருடக்கணக்கில் செய்தவர்கள். டாக்கிள் செய்து விழுந்து, மற்றவர்கள் எழும் முன் எழுந்து பந்துக்குப் போகிறவள் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் கோ-கோ ஆடியவளாக இருப்பாள். கம்பத்தைப் பிடிக்கப் பாய்கிற பாய்ச்சல், மூலையில் பந்தை ஊன்றி ட்ரை போட அப்படியே உதவும். ஜூடோ, மல்யுத்தப் பெண்களுக்கு விழத் தெரியும். விழக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியை அவர்களையே நடத்தச் சொல்லிவிடுகிறேன்.

வேறு ஆட்டத்திலிருந்து ஆள் சேர்ப்பது வழியில்லாதவர்கள் செய்கிற வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். செவன்ஸை ஒலிம்பிக்கில் சேர்ப்பது என்று 2009-இல் முடிவானதும் பெரிய ரக்பி நாடுகளே இதைத்தான் செய்தன. 2016 ரியோவில் பெண்கள் தங்கத்தை வென்ற ஆஸ்திரேலிய அணியில் சாய்க்காமல் தொட்டாலே போதும் என்று ஆடுகிற டச் ஃபுட்பாலிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். எலியா கிரீன் தடகளத்திலிருந்தும் க்ளோயி டால்ட்டன் கூடைப்பந்திலிருந்தும் வந்தவர்கள். இறுதிப் போட்டியில் 24–17 என்று அவர்களிடம் தோற்ற நியூசிலாந்தின் போர்ஷியா வுட்மன், கூடைப்பந்து மாதிரியான நெட்பால் ஆடியவர். அமெரிக்காவின் கார்லின் ஐல்ஸ் ஓட்டக்காரர். நமீபியாவின் ரூடி வான் வூரன் 2003-இல் கிரிக்கெட் உலகக் கோப்பையும் ஆடினார், ரக்பி உலகக் கோப்பையும் ஆடினார். நம் நாட்டிலேயே பீகாரின் ஸ்வீட்டி குமாரி தடகளத்திலிருந்து ரக்பிக்கு வந்தவர். 2019-இல் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்று, பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றபோது அவரும் அணியில் இருந்தார். அந்த ஸ்கோரை என் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வேன். இரண்டே புள்ளி வித்தியாசம். ட்ரைக்கு ஐந்து, அதன்பின் அடிக்கும் உதைக்கு இரண்டு. உதைப் பயிற்சிக்கு யாரும் முகம் சுளிக்காமல் இருக்க இந்தக் கணக்கு போதும்.

ஆட்டக்காரியாக இருந்து கோச்சாக மாறியபோது, ரக்பியைவிட மற்ற ஆட்டங்களின் மாஸ்டர்கள்தான் எனக்கு அதிகம் கைகொடுத்தார்கள். தடகள சாரிடமிருந்து நோட்டுப் பழக்கம் வந்தது. யார், எந்த நாளில், எவ்வளவு ஓடினாள், எங்கே வலித்தது என்று எழுதுவேன். கடினமான நாளுக்கு மறுநாள் இலேசான நாள் என்பது அவரிடம் கற்றது. அதனால்தான் எங்கள் மைதானத்தில் மோதல் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கிடையாது. வாலிபாலில் எல்லோரும் எல்லா இடத்துக்கும் சுழன்று வருவார்கள். அதைப் பார்த்து, சிறு பிள்ளைகளை மாதக்கணக்கில் இடம் மாற்றி மாற்றி ஆட வைக்கிறேன். பதின்மூன்று வயதில் ஒருத்தியை விங், அதாவது ஓரத்தில் ஓடுகிறவள், என்று முத்திரை குத்திவிட்டால், பதினேழு வயதில் அவள் உடம்பு வேறாக வளர்ந்து நிற்கும்போது என்ன செய்வது?

கோச்சாக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் விசில் பிடியுங்கள். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு நடுவராக நின்றால்தான் விதி உடம்பில் ஏறும். தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் தள்ளுகிற ரக் எப்போது முடிந்தது, தாண்டி நிற்கக் கூடாத ஆஃப்சைட் கோடு எங்கே என்பதெல்லாம் ஆடும்போது ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் தெரிந்திருக்கும். கூடவே உலக ரக்பி அமைப்பு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பாடங்களை முடித்துவிடுங்கள். விதிகள், பாதுகாப்பு, தலையடி என்று தனித்தனியாக இருக்கின்றன. அதற்குப் பிறகு லெவல் 1 கோச்சிங் வகுப்புக்கு நேரில் போக வேண்டும். ஆங்கிலம் தடையாகத் தெரிந்தால் இரண்டு பேர் சேர்ந்து படியுங்கள். நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

தலையடி பற்றிச் சமரசமே கிடையாது. தலையில் அடிபட்டு ஒரு பெண் கண் சொக்கினாலோ, ஸ்கோர் என்ன என்று கேட்டால் தடுமாறினாலோ, அவள் அன்றைக்கு மறுபடி உள்ளே போக மாட்டாள். அது இறுதிப் போட்டியாக இருந்தாலும், அவளே அழுது கெஞ்சினாலும். டாக்டர் பார்த்துச் சரி சொன்ன பிறகும் என் பிள்ளைகளை மூன்று வாரத்துக்கு முன்னால் போட்டிக்கு அனுப்புவதில்லை. போட்டியில் எதிரணி கோச்சுகள், சில சமயம் எங்கள் பக்கத்துப் பெரியவர்களே, "எந்திரிச்சுட்டாளே, அனுப்பும்மா" என்று அவசரப்படுத்துவார்கள். அனுப்புவதில்லை. 'ஆக்டிவேட்' என்று ஒரு வார்ம்-அப் முறை இருக்கிறது. கழுத்து, இடுப்பு, சமநிலை என்று பயிற்சிகளைச் சேர்த்து அமைத்தது. இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களிடம் சோதித்ததில், வாரம் மூன்று முறை செய்த அணிகளில் தலையடி பாதிக்கும் மேல் குறைந்தது. செலவு கிடையாது, கருவி வேண்டாம், இருபது நிமிடம் போதும். இதைச் செய்யாமல் இருக்க எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

மைதானம் நம் ஊரில் பெரிய பிரச்சினை. வெயிலில் காய்ந்த செம்மண், அதில் சரளைக்கல். அங்கே டாக்கிள் கற்றுக்கொடுத்தால் முழங்கை தேய்ந்து, பயந்து, அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள். கற்களைப் பொறுக்குவதிலிருந்துதான் எங்கள் பயிற்சி தொடங்கும். டாக்கிளுக்குக் கபடிக் களத்தைக் கேட்டு வாங்குகிறேன். கொத்தி மணல் போட்ட களத்தைவிட நல்ல இடம் கிடையாது. டாக்கிள் பை வாங்கப் பணம் இல்லாத நாட்களில் பழைய மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி நிறுத்தினோம், நன்றாகவே உழைத்தது. பணம் கையில் வந்தால் முதலில் வாங்க வேண்டியது பல் கவசம். வெந்நீரில் போட்டு மென்மையாக்கிக் கடித்துப் பொருத்துகிற சாதாரண வகையே போதும். ஷூ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் வெறுங்காலில் ஆடினால் எல்லோரும் வெறுங்கால்தான், கலந்து ஆட விடாதீர்கள். கோடையில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். உப்புப் போட்ட மோர் ஒரு கேன் மைதானத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்காரர்களைச் சமாளிப்பது பற்றியும் கேட்பார்கள். சமாளிப்பது என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். "கை கால் ஒடிஞ்சா நாளைக்கு யார் கட்டிக்குவா?" என்று ஒரு அம்மா கேட்கிறார் என்றால், அந்தப் பயம் உண்மையான பயம். நான் அவர்களை மைதானத்துக்குக் கூப்பிடுவேன். "அக்கா, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்பேன். சுருட்டிக் கட்டிய மெத்தையில் முழங்காலிட்டுப் பழகுவதைப் பார்த்தால் பயம் பாதி இறங்கிவிடும். முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம், யார் செலவு என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன். அப்பாக்கள் பெரும்பாலும் வேலையைப் பற்றிக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் எந்தப் போட்டி, எந்தச் சங்கம் நடத்தியது, சான்றிதழ் எந்தப் படிவத்தில் யார் கையெழுத்தோடு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது செல்லும். பழைய கபடிச் சான்றிதழையும் தடகளச் சான்றிதழையும் சேர்த்து முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் வைக்கச் சொல்கிறேன். ரக்பியில் கிடைக்காத வேலை அந்தப் பழைய காகிதத்தில் கிடைத்த பெண்களை எனக்குத் தெரியும். கோச் வேலை மட்டும் செய்து வாழ்கிறவர்கள் இங்கே மிகக் குறைவு. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்துகொண்டு காலையும் மாலையும் ரக்பி என்பதுதான் பலரின் வாழ்க்கை, என்னுடையதும் அதுவே. 2025-இல் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதல்முறையாக நடந்து, சென்னை புல்ஸ் கோப்பையை வென்ற பிறகு விசாரிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அந்த முதல் சீசன் ஆண்களுக்கானதுதான். இருந்தாலும் ரக்பி என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்க வேண்டிய வேலை எனக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம், இது சக பி.டி. மாஸ்டர்களுக்கு. ரக்பிக்காரர்கள் வந்து நம் பிள்ளைகளைக் கொத்திக்கொண்டு போகிறார்கள் என்ற கோபம் பல ஊர்களில் இருக்கிறது. கோபத்தில் நியாயம் உண்டு. ஐந்து வருடம் வெயிலில் நின்று ஒரு ரெய்டரை உருவாக்கியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளைக் கூட்டிப்போனால் யாருக்குத்தான் வலிக்காது? நான் எந்தப் பெண்ணையும் பழைய ஆட்டத்தை விடச் சொன்னதில்லை. அவளுடைய மாஸ்டரை நேரில் பார்த்து, வருடத்தின் தொடக்கத்திலேயே நாள்காட்டியை எடுத்துவைத்து உட்கார்ந்துவிடுகிறோம். முதலமைச்சர் கோப்பை, குடியரசு தினப் போட்டி, கிராமத்துக் கபடித் தொடர் என்று அவருக்கு அவள் வேண்டிய வாரங்களை அவரே குறிப்பார். அந்த வாரங்களில் நான் அவளை ரக்பிக்கு அழைப்பதில்லை, மோதல் பயிற்சியும் கொடுப்பதில்லை. மிச்ச வாரங்கள் எனக்கு. இரண்டு பயிற்சியும் சேர்ந்து அவள் உடம்பை அடித்துவிடாமல் இருக்க, அவள் நோட்டை இருவரும் பார்க்கிறோம். போன சீசனில் எங்கள் அணியின் இரண்டு பேர் மாவட்டக் கபடி அணியிலும் ஆடினார்கள். அவர்களுடைய மாஸ்டர் எங்கள் ஆட்டத்துக்கு வந்து கோட்டுக்கு வெளியே நின்று, "இடுப்பப் பாரு, இடுப்பப் பாரு" என்று கத்திக்கொண்டிருந்தார். நானும் அதையேதான் கத்தியிருப்பேன். இந்த வருடம் பக்கத்துப் பள்ளிக் கோ-கோ மாஸ்டரோடு பேசியிருக்கிறேன். டிசம்பர் வரை அவருக்கு, பொங்கல் முடிந்ததும் நான்கு பேர் எனக்கு.